நூற்றுக்குப் பதினொருவர்

சீதாலட்சுமி பெங்களூரில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் இருபத்தாறு ஆண்டுகள் புள்ளியியல் அலுவலராகப் பணியாற்றியவர். 1999ஆம் ஆண்டில், ஏழைகளுக்கான தேசிய மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் ஒன்று தில்லியில் பரிசீலனையில் இருந்தது. அட்டையைக் காட்டினால் அறுவைச் சிகிச்சை இலவசம். அதற்கு அரசு எவ்வளவு ஒதுக்க வேண்டும் என்பதைக் கர்நாடகத்தைப் பொறுத்தவரை கணிக்கும் பொறுப்பு அவரிடம் வந்தது.

வழக்கப்படி மருத்துவமனைப் பதிவேடுகளை எண்ணினார். ஆண்டுக்கு நூற்றுக்கு மூவர் உள்நோயாளிகளாகச் சேர்ந்திருந்தனர். மக்கள்தொகையாலும் சராசரிச் செலவாலும் பெருக்கிக் கணக்கை முடித்துவிட்டார். மக்களிடம் கேட்பதற்கென்று தயாரித்த கேள்விப் படிவத்தை ஒருமுறை சோதித்துப் பார்ப்பதற்காகவே அவ்வூரின் விவேக் நகர்ப் பகுதிக்குச் சென்றார்.

அங்கே கிறிஸ்தவக் கோயிலருகே மெழுகுவர்த்தி விற்கும் அன்னம்மாள், இலவச அட்டையைப் பற்றிச் சொல்லி விசாரித்ததும், "ஆஸ்பத்திரியா? நா எதுக்கும்மா போறேன்?" என்று சிரித்தார். அருகிலிருந்த கணவர் தேநீர் குடிக்க எழுந்து சென்றதும் குரலைத் தாழ்த்தினார்.

"கர்ப்பப்பை எறங்கி ஒம்போது வருஷமாச்சு. துணி வெச்சுக் கட்டிக்கினுதான் ஏவாரம் பண்றேன். ஆபரேசனுக்குத் துட்டு யார் குடுப்பா? அந்தக் கார்டு நெசமாவே வருமா?"

"வரும்மா" என்று சொல்லிவிட்டார் சீதாலட்சுமி.

பணமில்லாமல் வராதவர்களைப் பதிவேடு நோயற்றவர்களாகவே காட்டியிருந்தது. அட்டை கிடைத்தால் அவர்கள் அனைவரும் வருவார்கள். ஆகவே அவர் நான்கு வாரங்கள் பல பேட்டைகளில் வீடு வீடாகச் சென்று, பெண்களைத் தனியே விசாரித்தார். மூவர் என்ற எண் பதினொருவராயிற்று.

இயக்குநர் அனந்தபத்மநாபன் அறிக்கையைப் பார்த்துத் தலையில் கை வைத்துக்கொண்டார்.

"என்ன சீதா, ஊரையே படுக்கைல போட்டுட்டேளே! இந்தத் தொகையைப் பார்த்தா ஃபைலை மூடிடுவா. மூணுன்னே எழுதுங்கோ. ஸ்கீம் வந்துடட்டும்."

"மூணே மாசத்துல பணம் தீர்ந்துடும் சார். அப்புறம் கார்டை நீட்டினா ஆஸ்பத்திரில திருப்பி அனுப்பிடுவா."

"மூணு மாசமாவது நடக்குமே!"

அச்சொல் சீதாலட்சுமியை இரண்டு நாள்கள் வாட்டியது. அன்னம்மாளுக்கு அந்த மூன்று மாதமே போதும். ஆனால், நான்காவது மாதம் வருபவருக்கு? அவர் பதினொருவர் என்றே எழுதிக் கையொப்பமிட்டார். ஆறு மாதங்களுக்குப் பின், நிதிச்சுமை மிகுதி என்ற ஒற்றை வரியுடன் திட்டம் கைவிடப்பட்டது.

அன்னம்மாளுக்குக் கடிதம் மூலம் தெரிவிக்க மனம் வராமல் சீதாலட்சுமி நேரில் சென்றார். வியாழக்கிழமைச் சிறப்பு வழிபாட்டுக்காகக் கோயிலில் கூட்டம் நெரிந்தது. அன்னம்மாள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்து, "வாம்மா, கார்டு வந்துச்சா?" என்றார்.

"வராதும்மா. ரொம்பச் செலவாகும்னு நிறுத்திட்டாங்க. சீக்காளிங்க இவ்வளவு பேர்னு கணக்குக் குடுத்தது நான்தான்."

அன்னம்மாள் மறுபடியும் மெல்ல உட்கார்ந்தார்.

"நாங்க கொஞ்சப் பேரா இருந்திருந்தா குடுத்திருப்பாங்களா?"

"ஆமாம்மா."

"அன்னிக்கி எங்கிட்ட கேக்காமயே போயிருக்கலாமில்ல நீ?"

அதற்குள் யாரோ இரண்டு மெழுகுவர்த்தி கேட்டார்கள். அன்னம்மாள் முனகியபடி தரையிலிருந்த கூடையின் பக்கம் குனிந்தார். சீதாலட்சுமி முந்திக் குனிந்து எடுத்துக்கொடுத்தார். கூட்டம் குறையும்வரை அங்கேயே நின்று எடுத்துக்கொடுத்துக்கொண்டிருந்தார். அன்னம்மாள் அவர் பக்கம் திரும்பாமல் காசை மட்டும் வாங்கிப் போட்டுக்கொண்டார்.