வழியனுப்பப் போனவர்கள்

உத்திரமேரூர் கடைத்தெருவில் பாய் கடையில் சோப்பு வாங்கப் போனால் என் கை என் பேச்சைக் கேட்பதில்லை. அவர் பொருளை நீட்டியதும் உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாக இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் வாங்குகிறேன். முதல் தடவை அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, "கொசுவாம்மா?" என்று கேட்டார். மலாவி நாட்டில் நன்றி சொல்வது இப்படித்தான் என்று விளக்கினேன். அங்கே ஒரு கிராமத்துச் சுகாதார நிலையத்தில் தன்னார்வ நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பி நான்கு வருஷம் ஆகிறது. என்னைப் போல் போய்வந்தவர்களுக்குத் தெரியும், விசா முடிந்துவிடும், பழக்கம் முடியாது.

அங்கே என்னோடு வேலை பார்த்தவர் மாயி ஃபிரி. மாயி என்றால் அம்மா. இன்றும் ஞாயிறு தவறாமல் வாட்ஸ்அப்பில் குரல் அனுப்புவார், பின்னணியில் அவர் வீட்டுச் சேவலும் என்னை விசாரிக்கும். போன வருஷம் அவருடைய மகள் சிசோமோ படிப்பதற்காக எங்களுக்கு அருகிலிருக்கும் ஏனாத்தூர் கல்லூரிக்கே வந்து சேர்ந்தாள். பெண் இனி உன் பொறுப்பு என்றார் மாயி. எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் பஸ் ஏறி எங்கள் கிராமத்துக்கு வருவாள். என் அம்மா அவள் பெயரைச் சோமு ஆக்கிவிட்டு, நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைப்பாள். சாப்பிட்டு முடித்ததும் ஸ்கூட்டியில் உட்காரவைத்து ஒரே அழுத்தாக அழுத்தி மெயின் ரோட்டில் விட்டுவிடுவேன்.

திடீரென்று வருவதை நிறுத்திவிட்டாள். பரீட்சையாக இருக்கும் என்று விட்டுவிட்டேன். பிறகு மாயியின் குரல் வந்தது. லீவுக்கு வருகிறவள் திரும்பி இந்தியாவுக்குப் போகப்போவதில்லையாம், படிப்பும் வேண்டாமாம். "உன் வீட்டில் நன்றாகத்தான் சாப்பாடு போடுகிறார்களாம். ஆனால் கை கழுவியதும் வண்டியில் ஏற்றித் துரத்திவிடுகிறார்களாம். தெரிந்தவர்களே இப்படியென்றால் அந்த ஊரில் எனக்கு யார் இருக்கிறார்கள் என்று அழுகிறாள்." அந்தக் குரலை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன்.

கொஞ்ச நேரம் கழித்துத்தான் விஷயம் பிடிபட்டது. மாயியின் ஊரில் விருந்தாளியை வாசலோடு அனுப்பமாட்டார்கள். பேசிக்கொண்டே பாதி வழிவரை கூட நடந்து வருவார்கள். அதற்கு குபெரெகேசா என்று பெயர். முதல் தடவை மாயி அப்படி என்னோடு நடந்து வந்தபோது, வயசான மனுஷியைத் தனியாகத் திருப்பி அனுப்புவதா என்று நம்மூர் மரியாதையில் நான் அவரை அவர் வீட்டில் கொண்டுபோய் விட்டேன். அவர் உடனே மறுபடி என்னோடு கிளம்பிவிட்டார். இப்படியே போய்வந்துகொண்டிருந்த எங்களைப் பார்த்து ஊரே சிரித்தது.

அம்மாவிடம் சொன்னதும் அவளுக்கு முகம் சுருங்கிவிட்டது.

"இன்னாடி நாயம் இது? ஆண்டை வூட்டு கயனி வேலைக்கு காலம்பூரா வெய்யில்ல நடந்தவடி நானு. வண்டில ஏறிக்கன்னு ஒருத்தர் சொன்னது கெடயாது. நம்ம வூட்டுக்கு வந்த புள்ள நடக்கக் கூடாதுன்னுதான உன்ன வண்டி எடுக்கச் சொன்னேன்."

அம்மாவின் மரியாதையெல்லாம் அந்த ஸ்கூட்டியின் பின்சீட்டில்தான் இருந்திருக்கிறது. சிசோமோவுக்குப் போனில் விளக்கிச் சொல்கிறேன் என்றதற்கு, போனில் பேசினால் நடந்த மாதிரி ஆகுமா, வரச்சொல் என்றாள் அம்மா.

கெஞ்சிக் கூத்தாடிய பிறகு சிசோமோ வந்தாள். அரைமனதாகச் சாப்பிட்டாள். கை கழுவிவிட்டு வழக்கம்போல் ஸ்கூட்டி அருகே போய் நின்றவளை, "வா சோமு, நடந்துகினே போலாம்" என்று அம்மா தோளைப் பிடித்துத் திருப்பினாள். ஏரிக்கரையில் முட்டிவலியோடு நடந்தபடி எது யார் கழனி, எந்த வரப்பில் பாம்பு இருக்கும் என்றெல்லாம் அம்மா சொல்லிக்கொண்டு போனாள். சிசோமோ அரைகுறைத் தமிழிலும் கைஜாடையிலும் தன் அம்மாவின் மக்காச்சோளக் காட்டைப் பற்றிச் சொன்னாள். மொழிபெயர்க்கப் பின்னால் போன எனக்கு வேலையே இல்லை. பஸ் ஸ்டாப்பில்தான் ஸ்கூட்டியின் கதையைச் சொன்னேன். சிசோமோ அம்மாவின் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் வைத்துக்கொண்டாள். பிறகு, "லீவுக்குப் போய்ட்டு வரேன்ம்மா" என்றாள்.

"வரேன்னு சொல்லிகீது பாரு" என்று அம்மா எனக்குத் தமிழிலிருந்து தமிழுக்கு மொழிபெயர்த்தாள்.

பஸ் வந்தது. சிசோமோ ஏறவில்லை. முட்டிவலிக்காரியை நடக்கவைத்துவிட்டுத் தான் பஸ்ஸில் போவதா என்று அம்மாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்குத் திருப்பி அழைத்துவந்தாள். எங்கள் வாசலைத் தொட்டதும் அம்மா விடுவாளா? பொழுது போய்விட்டது, பெண்பிள்ளையைத் தனியாக அனுப்புவதா என்று அவளோடு மறுபடி கிளம்பிவிட்டாள்.

அந்த நேரம் பார்த்து மாயி வீடியோவில் வந்தார். மகள் பஸ் ஏறிவிட்டாளா என்று கேட்டார். ஏரிக்கரையில் போய்க்கொண்டிருந்த இருவரையும் காட்டி, யார் யாரை வழியனுப்புகிறார்கள் என்று எனக்கே தெரியவில்லை மாயி என்றேன். இரு, நானும் கூட வருகிறேன் என்று சொல்லி, போனைப் பிடித்தபடியே அவர் தன் வீட்டு வாசலைவிட்டு இறங்கினார். நானும் நடந்தேன். எங்கள் ஏரியில் பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. என் கையிலிருந்த போனில், மாயியின் செம்மண் பாதையில், வெயில் இன்னும் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்தது.