நாலு பூட்டும் ஒரு உபசார வார்த்தையும்

மூன்று கிழமைக்கு முன்னால், ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம், என் கரவன் காணாமல் போய்விட்டது.

வீட்டு வாசலில் நின்ற கரவன், காருக்குப் பின்னால் கொளுவி இழுத்துப் போகும் சில்லு வைத்த சின்ன வீடு. காலையில் டவுன்டவுனுக்கு வேலைக்குப் போகும்போது ஒருமுறை சுற்றி வந்து பார்த்துவிட்டுத்தான் போனேன். மூன்று மணிக்குத் திரும்பி வந்தால் கரவன் நின்ற இடத்தில் புல் மட்டும் மஞ்சளாகக் கிடந்தது. நீளமாக, கரவன் அளவில்.

கர்க்லாண்ட் மாதிரி அமைதியான புறநகரில் இப்படியெல்லாம் நடக்குமா என்று கேட்கிறீர்களா? அதைத்தான் நானும் கேட்டேன். ஆனால் நடக்கும் என்று இரண்டு வருடமாக எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருந்ததும் நான்தான்.

கரவன் வாங்கிய நாளிலிருந்து எனக்கு நித்திரை குறைந்துவிட்டது. காரோடு கொளுவும் இடத்துக்கு ஒரு பூட்டு. சில்லுக்கு ஒரு பூட்டு. கதவுக்கு, கம்பெனிக்காரன் போட்டது போதாதென்று இன்னொன்று. அது தவிர, நிலத்தில் சீமெந்து போட்டு இறுக்கிய இரும்பு வளையத்தில் ஒரு சங்கிலியும் பூட்டும். ஆக நாலு. ஆள் அசைந்தால் எரியும் லைட் வேறு. அலாரமும் வைத்தேன். அது அணில் வந்தாலும் அடித்தது, காற்று வந்தாலும் அடித்தது. பக்கத்து வீட்டு மிஷேல், ஓய்வு பெற்ற மனிதர், ஒருநாள் மிக மரியாதையாக ஒரு போத்தல் வைனோடு வந்து அதை நிறுத்தச் சொன்னார். நிறுத்திவிட்டேன்.

பனிக்காலம் வந்தபோது எனக்கு உண்மையிலேயே சந்தோஷம். கள்ளன் வந்தால் பனியில் கால் தடம் தெரியுமே! ஒவ்வொரு நாளும் போய்ப் பார்ப்பேன். தடம் இருக்கும். எல்லாம் என்னுடைய சப்பாத்து.

இதற்கிடையில் கரவன் எங்கேயாவது போனதா? அதுதான் இல்லை. என் மனைவி சுகந்திக்குக் காஸ்பே போய்க் கடலைப் பார்க்க வேண்டும். கரவன் வாங்கியதே அதற்குத்தான். முதல் கோடையில், "காம்பிங் இடங்களிலதான் களவு கூட" என்று சொல்லித் தட்டிக் கழித்தேன். இரண்டாம் கோடையில் சில்லுப் பூட்டின் சாவியை எங்கே ஒளித்தேன் என்பதை மறந்துவிட்டேன். கண்டுபிடித்தபோது இலை நிறம் மாறத் தொடங்கிவிட்டது.

"இது கரவனோ, கோயில் தேரோ?" என்று சுகந்தி கேட்டாள். "தேரெண்டாலும் வருசத்துக்கு ஒருக்கா வெளிக்கிடும்."

சரி, வெள்ளிக்கிழமைக்கு வருவோம்.

வெறும் புல்லை ஒருமுறை சுற்றி வந்தேன். அப்போதுதான் நினைவு வந்தது, கரவனுக்கு ஜிபிஎஸ் வாங்கியிருக்கிறேன்! ஃபோனைத் திறந்து பார்த்தேன். சிவப்புப் புள்ளி ஆடாமல் அசையாமல் நின்றது. கரவன் வீட்டில்தான் இருக்கிறதாம். நான் கரவன் இல்லாத இடத்தில் நின்றுகொண்டு, கரவன் இருக்கிறது என்ற செய்தியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

விஷயம் என்னவென்றால்... ஜிபிஎஸ் கருவி விலை கூடிய சாமான். வெளியே இருந்தால் யாராவது களவெடுத்துவிடுவார்கள் என்று மேசை லாச்சிக்குள் வைத்திருந்தேன்.

பொலிசுக்கு ஃபோன் அடித்தேன். நம்பர் பிளேட், நிறம், நீளம் எல்லாம் ஒப்புவித்தேன். அந்த விபரம் எனக்கு என் பிள்ளையின் பிறந்தநாளை விட நல்ல மனப்பாடம்.

பத்து நிமிடம் கழித்து மிஷேல் நாயோடு வந்தார். முகம் நிறையச் சிரிப்பு.

"உன் அண்ணன் சுகமாகப் போய்ச் சேர்ந்தாரா?" என்று பிரெஞ்சில் கேட்டார். "ரிவர்ஸ் எடுக்க நான்தான் கை காட்டினேன். நல்ல மனிதர். எனக்கு இரண்டு வடை தந்தார்."

எனக்குக் கூடப்பிறந்த அண்ணன் கிடையாது.

ஆனால் வடையோடு பிரயாணம் போகும் ஒரு அண்ணை இருக்கிறார். தயாபரன் அண்ணை. சென்ட் லோரன்டில் ஒரு வேர்ஹவுசில் வேலை. மனைவியும் இரண்டு பிள்ளைகளுமாக ஒரு வாடகை ஃபிளாட்டில் இருக்கிறார்.

வாட்ஸ்அப்பைத் திறந்தேன். தயாபரன் அண்ணை தினமும் காலையில் ஒரு ரோஜாப்பூவும் ஒரு பொன்மொழியும் அனுப்புவார். நான் திறப்பதில்லை. யார்தான் திறப்பார்கள்? நாற்பத்தேழு ரோஜாப்பூக்கள் வாசிக்கப்படாமல் கிடந்தன. கடைசிப் பூவுக்குக் கீழே எழுதியிருந்தார்:

"தம்பி, அடிச்சுப் பாத்தனான், நீங்கள் எடுக்கேல்லை. பிள்ளையளுக்கு லீவு. கரவனைக் கொண்டு போறன். ஞாயிறு பின்னேரம் கொண்டு வந்து விடுவன். நன்றி தம்பி."

இது எப்படி நடந்தது என்பதைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் வெட்கமான கதை.

கரவன் வந்த புதிதில் அதற்குக் குடிபூரல், அதுதான் புதுமனை புகுவிழா, செய்தோம். சிரிக்காதீர்கள். அடுப்பு இருக்கிறது, படுக்கை இருக்கிறது, கதவு இருக்கிறது. வீடுதானே? சில்லுகளுக்குக் கீழே தேசிக்காய் வைத்து நசித்து, உள்ளே பால் காய்ச்சினோம். நாற்பது பேர் வந்தார்கள். நான் ஒவ்வொருவரையும் கூட்டிக்கொண்டு போய் நாலு பூட்டையும் திறந்து பூட்டிக் காட்டினேன். வாசகர்களே, கள்ளனுக்குத் தெரியக்கூடாத அத்தனையையும் நாற்பது பேருக்கு வகுப்பு எடுத்த ஒரே காவற்காரன் நானாகத்தான் இருப்பேன்.

அதோடு விட்டேனா? வழியனுப்பும்போது எல்லோருக்கும் ஒரே வசனம்: "உங்கட கரவன் மாதிரி நினையுங்கோ. எப்ப வேணுமெண்டாலும் கொண்டு போங்கோ."

இந்த வசனத்துக்கு எங்கள் ஆட்களிடம் ஒரு ஒப்பந்தம் உண்டு. "சாப்பிட்டிட்டுப் போங்கோ" என்று வீட்டுக்காரர் சொன்னால், "இப்பதான் சாப்பிட்டனாங்கள்" என்று வந்தவர் சொல்ல வேண்டும். சொன்னவருக்கும் புண்ணியம், கேட்டவருக்கும் மரியாதை, பானையில் சோறும் மிச்சம். முப்பத்தொன்பது பேர் ஒப்பந்தப்படி, "ஓம் ஓம், பேந்து பாப்பம்" என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

தயாபரன் அண்ணை மட்டும் நின்றார். "உண்மையாத்தானோ, தம்பி?"

"பின்னை என்னண்ணை! இந்தாங்கோ, ஒரு செட் சாவி உங்களிட்டையும் இருக்கட்டும்" என்று ஆட்டிக் காட்டி, நாலு சாவியையும் கையில் கொடுத்தேன். சனம் பார்த்துக்கொண்டு நின்றது. கொடுத்ததை அடுத்த நாளே மறந்துவிட்டேன்.

இப்போது பொலிஸ் தேடுகிறது. கரவனை இழுத்துப் போகும் அவருடைய வான் வண்டிக்குள் இரண்டு பிள்ளைகள். தயாபரன் அண்ணைக்குச் சீருடையைக் கண்டால் இன்றைக்கும் முகம் வெளுக்கும். ஊரில் பட்டது அப்படி. மூன்று தரம் அடித்தேன். எடுக்கவில்லை. அவர் சட்டத்தை மதிக்கிற மனிதர், வாகனம் ஓடும்போது ஃபோனைத் தொடமாட்டார். பொலிசுக்குத் திருப்பி அடித்தேன். லைனில் காத்திருக்கச் சொல்லிப் பாட்டுப் போட்டார்கள். அந்தப் பாட்டு முடியவே இல்லை.

அதற்குள் இன்னொரு நம்பரிலிருந்து அழைப்பு. ஒரு பொலிஸ்காரர். நெடுஞ்சாலையில் கரவனை நிறுத்திவிட்டார்கள். பின்னால் யாரோ பிள்ளை அழும் சத்தம் கேட்டது.

"இவரிடம் சாவி எல்லாம் இருக்கிறது. நீங்கள் சொல்லித்தான் எடுத்தாராம். இவருக்கு நீங்கள் அனுமதி கொடுத்தீர்களா?"

கொடுத்தேனா?

வாயால் கொடுத்தேன். மனதால் கொடுக்கவில்லை. இதை எந்தப் பிரெஞ்சில் விளக்குவது?

அந்த ஒரு நொடியில் எனக்கு நினைவு வந்தது கரவன் இல்லை. நான் இந்த நாட்டுக்கு வந்து இறங்கிய நாள். கையில் ஒரு பெட்டி. போக இடம் இல்லை. ஒரு அறையும் ஒரு குசினியும் உள்ள ஃபிளாட்டின் கதவைத் திறந்து தயாபரன் அண்ணை சொன்னார்: "உங்கட வீடு மாதிரி நினையுங்கோ, தம்பி." நான் "உண்மையாத்தானோ" என்றுகூடக் கேட்கவில்லை. பெட்டியை உள்ளே வைத்தேன். எட்டு மாதம் இருந்தேன். ஒருநாளாவது அவர் பொலிசுக்கு அடிக்கவில்லை.

"கொடுத்தேன்" என்றேன். "பிழை என்னுடையது. மன்னித்துக்கொள்ளுங்கள்."

"அப்படியானால் ஏன் களவு போனதென்று சொன்னீர்கள்?"

"மறந்துவிட்டேன்."

மறுமுனையில் ஒரு பெருமூச்சு. அதற்கு மொழிபெயர்ப்புத் தேவைப்படவில்லை.

ஞாயிறு பின்னேரம் சொன்னபடி கரவன் வந்தது. கழுவித் துடைத்திருந்தது. எனக்கு அவர் முகத்தைப் பார்க்கக் கூச்சமாக இருந்தது. "அண்ணை, அந்தப் பொலிஸ் விசயம்..." என்று தொடங்கினேன்.

"அதை விடுங்கோ தம்பி. உங்கட சாமான், நீங்கள் கவலைப்படத்தானே வேணும்" என்றார். நாலு பூட்டையும் ஒவ்வொன்றாகப் போட்டு இழுத்துப் பார்த்தார். பிறகு தயங்கித் தயங்கி, "ஒண்டு சொல்லட்டோ? குறை நினையாதையுங்கோ. மெத்தையில இருந்த பொலித்தீனை நாங்கள் கழட்டிப் போட்டம். பிள்ளையளுக்கு வேர்த்தது. நீங்கள் இன்னும் கழட்டேல்லையெண்டு எங்களுக்குத் தெரியாது."

சுகந்தி கரவனைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள், அவ்வளவுதான். இரண்டு வருடத்துப் பார்வை. பொலிஸ்காரரின் கேள்விக்காவது பதில் இருந்தது.

அன்றைக்கே காஸ்பேயில் இடம் பதிவு செய்தேன். இதை நீங்கள் வாசிக்கும்போது நாங்கள் கடலுக்கு முன்னால் இருப்போம். கள்ளர்கள் இந்தப் பத்தியை வாசிப்பதில்லை என்ற நம்பிக்கையில்தான் இதை எழுதுகிறேன். எப்படியும் வீடு வெறுமையாக இல்லை. காவலுக்கு, செடிகளுக்குத் தண்ணீர் ஊற்ற, தயாபரன் அண்ணையிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்திருக்கிறேன்.

கொடுக்கும்போது பழக்க தோஷத்தில் வாயில் வந்துவிட்டது: "உங்கட வீடு மாதிரி நினையுங்கோ, அண்ணை."

அவர் சாவியை வாங்கிக்கொண்டு, வீட்டைக் கீழே மேலே ஒருதரம் பார்த்தார். "உண்மையாத்தானோ, தம்பி?"

"ஓம் அண்ணை" என்றேன். இந்த முறை மனதாலும்தான்.

திரும்பி வரும்போது எங்களுக்கு இடம் இருக்குமோ தெரியாது... பரவாயில்லை, கரவன் இருக்கிறது.