வாடை இல்லை என்று எழுதினேன்

தேதி போடாமல் நான் எதையும் எழுதுவதில்லை. ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனியில் தரம் பார்க்கும் வேலை. எந்த லாட், எந்த ஷிஃப்ட், எந்த இடத்தில் தையல் விட்டது என்று எழுதி எழுதி, அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. அதனால்தான் நடந்ததை மறுக்கவும் முடியவில்லை. நோட்டில் என் கையெழுத்திலேயே இருக்கிறது.

ஆமை வந்தது மாசி மாதத்தில். கூட வேலை செய்த தோழி குடும்பத்தோடு வெளிநாடு போகும்போது கொடுத்துவிட்டுப் போனாள். நம் பக்கத்து நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்துக்கொள்ளச் சட்டம் விடாது. இது ஆப்பிரிக்க இனம், பதிவுக் காகிதங்களோடு வந்தது. என் உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிசு. அகலமான பிளாஸ்டிக் தொட்டியில் செய்தித்தாள் விரித்து வைத்திருந்தாள். தாளில் நடக்கும்போது பின்கால்கள் இரண்டும் பக்கவாட்டில் வழுக்கும். விட்டால் கால் வளைந்துபோகும் என்று படித்தேன்.

தாளுக்குப் பதில் எதைப் பரப்பலாம் என்று பிறகு நிறையப் படித்தேன். மென்மை, ஈரம், தூசி, வாடை என்று நோட்டில் நான்கு கோடு கிழித்தேன். பாலாற்று மணல்: இரையோடு விழுங்கினால் குடலை அடைக்கும். மரத்தூள்: எந்த மரம் என்று கடைக்காரருக்கே தெரியவில்லை. வேர்க்கடலைத் தோல்: ஈரம் பட்டால் பூஞ்சை பிடிக்கும். ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தேன்.

தோல் பதனிடும் டேனரியில் வேலை பார்க்கும் என் தம்பிக்கு இதெல்லாம் வேடிக்கை.

"இன்னாக்கா, ஆமைக்குப் பொண்ணு பாக்கறாப்ல இவ்ளோ நாளா பாக்கற?"

மறுநாள் ஒரு மூட்டையோடு வந்தான். தோலை ஒரே கனமாகச் சீவும் மெஷினுக்கு அடியில் விழுகிற தூள். லேசான நீலம், பஞ்சுபோல இருந்தது. "வெயில்ல ரெண்டு நாள் காய வச்சு எடுத்தாந்தேன். கையை வச்சுப் பாரு, மெத்தை."

கையை வைத்துப் பார்த்தேன். மெத்தைதான். அந்த நீலம் தோலில் ஏற்றும் குரோமிய ரசாயனத்தின் நிறம் என்று எனக்குத் தெரியும். தெரியாதவள் செய்திருந்தால் மன்னிக்கலாம். தெரிந்தும், அது காய்ந்த தூள்தானே, ஊரெல்லாம் கிடக்கிறதுதானே என்று இருந்துவிட்டேன். முகர்ந்து பார்த்தேன். அவனும் பார்த்தான். என் கணவரும் குனிந்து பார்த்து, "ஒண்ணுமில்லையே" என்றார். நோட்டில் எழுதினேன்: மென்மை நன்று. ஈரம் இல்லை. தூசி கொஞ்சம். வாடை இல்லை.

தூளைத் தொட்டியில் பரப்பிய ஒன்பதாம் நாள், செவ்வாய்க்கிழமை காலை, ஆமை கண் திறக்கவில்லை. இமைகள் வீங்கி ஒட்டியிருந்தன. மூக்கில் சின்னக் குமிழி. முந்தின நாள் வைத்த செம்பருத்தி இலை அப்படியே வதங்கிக் கிடந்தது.

லீவு போட்டு, அதே தூளைப் பெட்டியில் பரப்பி ஆமையை வைத்து, வேலூருக்கு பஸ் ஏறினேன். மடியில் பெட்டி. பக்கத்து சீட்டில் இருந்த ஒரு அம்மா, "கடிக்குமா?" என்று கேட்டாரே தவிர மூக்கைச் சுளிக்கவில்லை. அவரும் எங்கள் ஊரில் ஏறியவர்.

டாக்டரம்மா தெற்கேயிருந்து புதிதாக வந்தவர். மூடியைத் திறந்ததும் முகத்தைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டார்.

"என்னங்க இது, இவ்வளவு நாத்தம்?"

"என்ன நாத்தம்?" என்றேன்.

விளையாடுகிறேன் என்று நினைத்து என்னைப் பார்த்தார். பிறகு புரிந்துகொண்டார் போல. "உங்களுக்கு வரலையா?" என்று மெதுவாகக் கேட்டார். அந்த மெதுவான குரலை என்னால் தாங்க முடியவில்லை. திட்டியிருக்கலாம்.

தூள் மொத்தமும் கொட்டச் சொன்னார். கண்ணுக்குச் சொட்டு மருந்து, தினமும் வெதுவெதுப்பான தண்ணீரில் கால் மணி நேரம் ஊறவிட வேண்டும். உரம் படாத மண்ணும் தேங்காய் நார்த்தூளும் கலந்து, லேசாக ஈரமாகப் போடச் சொன்னார். "கண்ணு போயிடுமா?" என்று கேட்டேன். "பத்து நாள் பார்ப்போம்" என்றார்.

வீட்டுக்கு வந்து தம்பியைப் பிடித்து, டாக்டரம்மா முகத்தை இழுத்துக்கொண்டதைச் சொன்னேன். "எங்க கொட்டறதுன்னு தெரியாத குப்பையை என் வீட்டுக்குக் கொண்டாந்தியா?"

"நீதான மோந்து பாத்து எழுதின?" என்றான். "வாடை வாடைன்னு இன்னிக்கிப் பேசற. அந்த வாடையிலதான் அப்பா உன்ன படிக்க வச்சாரு. நான் தினம் எட்டு மணி நேரம் அதுலதான் நிக்கறேன். எனக்கு எந்த டாக்டரு மூஞ்சிய இழுத்துக்கினான்?"

அவன் சொன்னது நிஜம். அதனால் கோபம் ஜாஸ்தியானது. அவன் மேல், என் மேல், எங்கள் மூக்கை எங்களுக்கே தெரியாமல் வாங்கிக்கொண்ட இந்த ஊர் மேல். இத்தனை படித்தேன், நான்கு கோடு கிழித்தேன். நான்காவது கோட்டைக் கிழிக்க எனக்குத் தகுதியே இல்லை.

என் வீட்டுக் கொல்லை மண்ணை நம்ப முடியவில்லை. காய்ந்தால் டேனரி உப்பு வெள்ளையாகப் பூக்கும். அடுத்த நாளே ஒடுகத்தூர் போனேன். மலையடிவாரத்தில் கடலைக்கொல்லை வைத்திருந்த ஒரு அம்மாவிடம், உரம் போடாத ஓரத்து மண் ஒரு சாக்கு கேட்டேன்.

"மண்ணா? இன்னாத்துக்கு?"

"ஆமைக்கு."

சிரித்துக்கொண்டே வெட்டிக் கொடுத்தார். ஒரு பிடி அள்ளி நீட்டி, "மோந்து பாத்துச் சொல்லுங்கம்மா" என்றேன்.

"ஏன், உனுக்கு மூக்கு இல்லியா?"

"இல்லை" என்றேன்.

அவர் சிரிப்பை நிறுத்திவிட்டு மண்ணை முகர்ந்தார். "மண்ணு வாசனதாம்மா" என்றார். அதை அப்படியே நோட்டில் எழுதினேன், யார் சொன்னது என்று சேர்த்து.

மண் மாற்றிய பத்தாம் நாள், சனிக்கிழமை சாயங்காலம், வலது கண் திறந்தது. வயிறு வரை மண்ணில் புதைந்து கிடந்த ஆமை கழுத்தை நீட்டி, இலையின் ஓரத்தை ஒரு கடி கடித்தது. ஷிஃப்ட் முடிந்து வந்த தம்பி என் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தான். இருமினான். இன்னொரு தடவை இருமினான். நான் திரும்பி அவன் முகத்தையே பார்த்தேன்.

"இன்னாக்கா," என்றான், "எனக்கும் மண்ணு மாத்தப் போறியா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றைய தேதி போட்டு, வலது கண் திறந்தது என்று எழுதினேன். இடது கண் இன்னும் மூடித்தான் இருந்தது. அடுத்த வரியில் தம்பியின் இருமலை எழுதினேன். எத்தனை நாளாக என்று அவனைக் கேட்டேன். அவனுக்கு ஞாபகம் இல்லை.