பதினான்கு நாள் மாத்திரை

மருந்துக்கடை என்பது டாக்டர் எழுதிக் கொடுத்ததை வாடிக்கையாளர் திருத்தி எழுதும் இடம். கோரிப்பாளையத்தில் பத்தொன்பது வருஷமாகக் கவுன்டருக்குப் பின்னால் நிற்கிறேன்; நான் கற்றுக்கொண்ட தொழில் உண்மை இது ஒன்றுதான். சளி மாத்திரையில் கைவைத்தால் பெரிதாக ஒன்றும் ஆகிவிடாது. மலேரியா மாத்திரை அப்படி இல்லை. எங்கள் கடைக்கு மலேரியா சீட்டு கொண்டுவருகிறவர்கள் பெரும்பாலும் வெளி மாநிலம் போய்த் திரும்பியவர்கள். மூன்று நாள் போட ஒரு வகை மாத்திரை, பதினான்கு நாள் தினமும் போட இன்னொரு வகை என்று அதில் எழுதியிருக்கும். வம்பெல்லாம் அந்தப் பதினான்கு நாள் மாத்திரையில்தான். என்னைப் போலத் தொண்டைத் தண்ணீர் வற்றப் பேசும் மருந்துக்கடைச் சக பாவிகளுக்கு இதில் புதிதாக ஒன்றும் இருக்காது.

நாலாம் நாள்

கொத்தனார் ஒருவர் நாலாம் நாள் வந்து, மிச்ச மாத்திரையைக் கவுன்டரில் வைத்தார். காய்ச்சல் போய்விட்டதாம். இதை எடுத்துக்கொண்டு ஒரு இருமல் மருந்து கொடுக்கச் சொன்னார். காய்ச்சல் போனாலும் கிருமி ஈரலுக்குள் பதுங்கிக் கிடக்கும், கொஞ்ச நாள் கழித்து மறுபடி கிளம்பும், அதைத் தீர்க்கத்தான் இந்தப் பதினான்கு நாள் என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டார். மாத்திரையைத் திரும்பப் பையில் போட்டுக்கொண்டார். படியிறங்கும்போது சொன்னார்: "பதுங்கிக் கெடக்கவன ஏண்ணே வம்புக்கு இழுக்கணும்? அவன்பாட்டுக்குக் கெடந்துட்டுப் போறான்."

வெறும் வயிறு

பக்கத்துத் தெரு பாத்திரக்கடை பாய்க்கு, சரக்கெடுக்கப் பம்பாய் போன இடத்தில் மலேரியாக் காய்ச்சல். சாப்பாட்டுக்குப் பிறகு என்று கவரில் பெரிய எழுத்தில் எழுதித்தான் கொடுத்தேன். வெறும் வயிற்றில் போட்டால் மருந்து சீக்கிரம் ஏறும் என்று யாரோ சொன்னதைக் கேட்டு அப்படியே போட்டிருக்கிறார். வயிற்றைப் புரட்டி, போட்ட மாத்திரை வெளியே வந்துவிட்டது. மாத்திரை சரியில்லை, வேறு கம்பெனி மாற்றிக் கொடு என்று வந்து நின்றார்.

கம்பெனி மீது குற்றம் இல்லை பாய், வயிறு காலியாக இருந்ததுதான் குற்றம், வாந்தி எடுத்ததை மட்டும் டாக்டருக்குப் போன் போட்டுச் சொல்லிவிடுங்கள் என்றேன். சொன்னார். நாளையிலிருந்து இரண்டு இட்லியாவது சாப்பிட்டுவிட்டுப் போடச் சொன்னேன். பாய்க்குப் பதினைந்து வருஷமாகச் சர்க்கரை. அவர் சொன்னார்: "இம்புட்டு நாளா எல்லா டாக்டரும் திங்காதீங்கன்னுதான் சொன்னாங்க. தின்னச் சொல்ற மொத மருந்து இதாம்பா."

முட்டை வைக்கும் இடம்

அவனியாபுரத்திலிருந்து வரும் ஒரு அம்மா, கணவர் லாரி ஓட்டுகிறவர். கணவர் பாதியில் நிறுத்திய மலேரியா மாத்திரையை அந்த அம்மா ஃப்ரிட்ஜில் முட்டை வைக்கும் குழியில் பத்திரப்படுத்தியிருந்தார். மகள் தலைப்பிரசவத்துக்கு வந்திருக்கிறாள், ராத்திரியிலிருந்து காய்ச்சல், அந்த மாத்திரையில் பாதி கொடுக்கலாமா என்று கேட்டார். கேட்டாரே, அதற்கே கையெடுத்துக் கும்பிடலாம். கேட்காமல் கொடுப்பவர்கள்தான் அதிகம்.

கர்ப்பிணிக்கு அந்த மாத்திரை ஆகவே ஆகாது. வயிற்றுப் பிள்ளைக்கு ஆபத்து. காய்ச்சல் என்றால் இப்போதே டாக்டரிடம் கூட்டிப்போங்கள் என்றேன். எனக்குக் குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. கூட்டிப்போனார். சாதாரணக் காய்ச்சல்தான், இரண்டு நாளில் சரியாயிற்று. பிறகு நான் சொன்னபடி அந்த மாத்திரையையும் கடைக்கே கொண்டுவந்து கொடுத்தார், ஆனால் மனசில்லாமல்: "வீணாப் போகுதேண்ணே. வேற யாருக்குப் போடலாம்னு நீங்களாவது சொல்லுங்க."

என் மாமன் மகன்

இதுவரை மற்றவர்கள் செய்தது. இது நான் செய்தது. பேரையூர்ப் பக்கம் என் மாமன் மகன் பாண்டி, வடக்கே ஒரு முறுக்குக் கம்பெனியில் வேலை. ஒரு ஞாயிற்றுக்கிழமை ரயிலை விட்டு இறங்கி நேராகக் கடைக்கு வந்தான். மலேரியா என்று ரத்த ரிப்போர்ட் இருந்தது, டாக்டர் சீட்டு இல்லை. சிலருடைய ரத்தம் பிறவியிலேயே இந்தப் பதினான்கு நாள் மாத்திரையைத் தாங்காது. அதற்கு முதலில் ஒரு பரிசோதனை எடுக்க வேண்டும். அது எனக்குத் தெரியும். "திருவிழாவுக்கு வந்திருக்கேன் மாப்ள, ஊருக்குப் பஸ்ஸு நிக்குது" என்றான். சொந்தக்காரனிடம் சட்டம் பேசுவதா என்று வெட்கப்பட்டுக்கொண்டு இரண்டு வகை மாத்திரையையும் எடுத்துக் கொடுத்தேன். ஒரு நாள்கூட விடாதே என்று மட்டும் சொன்னேன். ஒண்ணுக்கு கறுத்துப் போனால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடு என்று சொல்லவில்லை.

ஐந்தாம் நாள் அவன் மனைவி ஆஸ்பத்திரியிலிருந்து போன் செய்தது. கண்ணெல்லாம் மஞ்சள், ஒண்ணுக்கு காப்பித் தண்ணி மாதிரி போகிறது, காமாலை என்று பார்க்கிறார்கள், கீழாநெல்லி அரைத்துக் கொடுக்கலாமா அண்ணே என்று கேட்டது. அது காமாலை இல்லை, நான் கொடுத்த மாத்திரை ரத்தத்தை உடைக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது. ஆஸ்பத்திரிக்கு ஓடிப்போய் டாக்டரிடம், நான்தான் கொடுத்தேன், இன்ன மாத்திரை என்றேன். "ரெண்டு நாளா கேக்கிறோம், எந்த மாத்திரையும் போடலைங்கிறாரே" என்றார் அவர். பாண்டியின் தலையணைக்கு அடியில் கைவிட்டுப் பார்த்தால் மாத்திரை அட்டை இருந்தது. அன்று காலை மாத்திரைவரைக்கும் காலி.

மாத்திரையை நிறுத்தி, இரண்டு பாட்டில் ரத்தம் ஏற்றினார்கள். பிழைத்துக்கொண்டான். இரண்டு ராத்திரி நான் தூங்கவில்லை. பத்தொன்பது வருஷத்தில் நான் சொன்னதை அட்சரம் பிசகாமல் கேட்ட ஒரே வாடிக்கையாளன் அவன்தான். எழுந்து உட்கார்ந்ததும், ஏண்டா மறைத்தாய் என்று கேட்டேன். "ஒரு நாளும் விடக்கூடாதுன்னு நீதான சொன்ன மாப்ள. உன் பேரு வெளிய வந்தா கடைக்கு வம்பாயிரும்னு, ஆருக்கும் தெரியாமப் போட்டுக்கிட்டேன்."

சீட்டு இல்லாமல் மாத்திரை தருவதில்லை என்று நான் ஒரே பிடியாக நிற்பதால் சொந்தத்தில் பாதிப் பேர் இப்போது என்னோடு பேசுவதில்லை. ஆனால் எல்லோரும் நல்லபடியாக உயிரோடு இருந்துகொண்டுதான் பேசாமல் இருக்கிறார்கள்.