ஐம்பத்தெட்டாம் எண் வண்டி

என் வீட்டுக்காரருக்கு அவர் வேலை செய்யும் இடத்தில் அரைமில்லி என்று பெயர். புதிதாக வேலைக்குச் சேருகிறவர்கள், ஆள் குடிகாரர் போலிருக்கிறது என்று இரண்டு நாள் ஒதுங்கியே இருப்பார்களாம். இவரோ இருமல் மருந்தைக்கூட முகர்ந்து பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். ஆஸ்பத்திரியின் சலவைப் பிரிவில் படுக்கை விரிப்புகளை மடிக்கிற வேலை. ஓரமும் ஓரமும் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் பிரித்து மறுபடி மடிப்பார். படுக்கப் போகிற நோயாளிக்கு அது தெரியவா போகிறது என்று மேற்பார்வையாளர் தலையில் அடித்துக்கொள்வார். இருபத்தேழு வருஷமாக அடித்துக்கொண்டுதான் இருக்கிறார்கள். மேற்பார்வையாளர்கள்தான் மாறியிருக்கிறார்கள்.

காலை ஆறிலிருந்து மதியம் இரண்டு வரை நின்றுகொண்டே வேலை. ஈர விரிப்பைச் சூடான உருளைக்குள் விட வேண்டும், மறுபக்கம் வருவதை இழுத்து மடிக்க வேண்டும். வீட்டுக்கு வரும்போது கணுக்கால் இரண்டும் வீங்கியிருக்கும். குளிப்பார், சாப்பிடுவார், ஜன்னலோர மேசையில் போய் உட்காருவார். அந்த மேசையின் ஒரு பாதியில் என் தையல் மெஷின். அக்கம்பக்கத்துக்காரர்களின் துணிகளுக்கு அளவு குறைப்பது, ஜிப் மாற்றுவது என்று ஏதோ செய்துகொண்டிருக்கிறேன். மறு பாதி இவருடைய பந்தயக் கார்களுக்கு. மதிய வெளிச்சம் யாருக்கு என்று நாங்கள் போட்ட சண்டையை எழுதினால் தனிப் புத்தகம் ஆகும்.

பந்தயக் கார் என்றால் உள்ளங்கையில் நிற்கிற கார். நிஜ வண்டியில் இருபத்துநாலில் ஒரு பங்கு. பெட்டியைத் திறந்தால் பிளாஸ்டிக் சட்டங்களில் கதவும் சக்கரமும் ஸ்டியரிங்கும் தனித்தனியாக ஒட்டிக்கொண்டிருக்கும். வெட்டியெடுத்து, உப்புத்தாளால் தேய்த்து, பெயின்ட் அடித்து, பசை வைத்துச் சேர்க்க வேண்டும். ஒரு வண்டிக்கு இரண்டு மாசம். பெட்டியைத் தேர்ந்தெடுக்க அதற்கு முன்னால் ஒரு மாசம். வெண்டைக்காய் வாங்கப் போனால் ஒவ்வொன்றின் முனையையும் ஒடித்துப் பார்க்கிறவர்கள் உண்டே, அந்த ரகம். கடையில் மூடியைத் திறக்கச் சொல்வார். டயரை அமுக்கிப் பார்ப்பார். எண்களும் பட்டைகளும் அச்சிட்ட ஸ்டிக்கர் தாள் மஞ்சளித்திருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிறகு "அடுத்த வாரம் வரேன்" என்பார். கடைக்காரர் இவரைக் கண்டதும் ஒரு ஸ்டூலைப் போட்டுவிட்டுத் தன் வேலையைப் பார்க்கப் போய்விடுவார்.

"எட்டு மணி நேரம் நின்னுட்டு வந்து எதுக்குங்க இந்த வேலை, கொஞ்சம் படுக்கலாம்ல" என்று ஒருமுறை கேட்டேன்.

"அங்க மடிச்சு வெக்கிறது எல்லாம் மறுநாளே அழுக்காகி என்கிட்டயே திரும்பி வருது. இது வராது" என்றார். எனக்கும் மடித்துத் தைத்த கால்சட்டைகள் திரும்பி வருகிற ஆத்திரம் உண்டு.

இவருக்கு ஒரே தங்கை. மருந்துக் கடையில் கவுன்டரில் நிற்கிறாள். என் நாத்தனார் என்றாலும் எனக்கு அவள் மேல் ஒரு குறையும் கிடையாது, அதுவே அபூர்வம். அவள் கணவர் கார் ரிப்பேர் பட்டறை வைத்திருந்தார். வார நாளெல்லாம் மற்றவர்கள் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடப்பார், விடுமுறையில் தன் வண்டியை எடுத்துக்கொண்டு கிளப் பந்தயத்துக்குப் போவார். ஜெயித்ததாக ஞாபகம் இல்லை. எட்டு வருஷத்துக்கு முன் ஒரு பந்தயத்தின் நாலாவது சுற்றில், பக்கத்தில் முந்த வந்த வண்டியோடு மோதி, அவர் வண்டி உருண்டது. ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகும் வழியிலேயே போய்விட்டார். விசாரித்தவர்கள் யார் மேலும் தப்பில்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அதன் பிறகு அவள் அவரைப் பற்றிப் பேசியதே இல்லை. யாராவது பேச்செடுத்தால் எழுந்து போய்ப் பாத்திரம் கழுவ ஆரம்பித்துவிடுவாள்.

போன வருஷம் வீட்டைக் காலி செய்துவிட்டு இரண்டு அறை உள்ள சின்ன வீட்டுக்கு மாறினாள். அவருடைய டயர், ஹெல்மெட், கருவிப் பெட்டி எல்லாவற்றையும் ஒரே நாளில் கொடுத்துத் தீர்த்துவிட்டு நேராக எங்கள் வீட்டுக்கு வந்தாள். செருப்பைக் கழற்றவே நேரம் எடுத்துக்கொள்கிற அளவுக்குக் களைத்திருந்தாள்.

"அண்ணா, அவரோட வண்டிய எனக்கு ஒண்ணு செஞ்சு குடுப்பியா" என்றாள். "சின்னதா. பெரிசா எதையும் வெச்சுக்க எடமும் இல்ல, தெம்பும் இல்ல. அவர நெனச்சாலே அந்த நசுங்கின வண்டிதான் கண்ணு முன்னாடி வருது. முழுசா இருந்தப்ப அது எப்படி இருந்துச்சுன்னே மறந்து போச்சு. அத ஒருதரம் நல்லபடியா பாத்துட்டா போதும் எனக்கு."

எட்டு வருஷத்தில் அவள் கேட்ட முதல் உதவி. நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டேன். இவர் கேட்டது, "எந்த வருஷத்து மாடல் அது?"

இவரை என்ன செய்வது. ஆனால் அவள் லேசாகச் சிரித்தாள். அண்ணன் சம்மதித்துவிட்டான் என்று அதிலேயே அவளுக்குப் புரிந்துவிட்டது.

அந்த வண்டியின் பந்தய வடிவம் பெட்டியாக வருவது நின்றுபோயிருந்தது. கிடைத்தவை இரண்டு. ஒன்று காட்டுப் பாதையில் ஓட்டுகிற வகை, உயரமாக இருக்கும். இன்னொன்று சாதாரணமாகத் தெருவில் ஓடுகிற வகை. ஸ்டூலில் மூன்று வாரம் உட்கார்ந்து தெருவில் ஓடுவதையே வாங்கி வந்தார். கூரையின் வளைவு அதில்தான் சரியாம். பின்சீட்டை அறுத்தெடுத்தார். உள்ளே இருக்கிற பாதுகாப்புக் கம்பிகளை மெல்லிய பிளாஸ்டிக் குச்சியை வளைத்துச் செய்தார். சீட் பெல்ட்டுக்கு என் ரிப்பன் பெட்டியைக் கலைத்துப்போட்டு, நான் ஒரு வாரம் தேடிய சிவப்பு சாட்டின் ரிப்பனை எடுத்துக்கொண்டார். திட்டினேன். பிறகு நானே அதை நீளவாக்கில் மூன்றாகக் கத்தரித்துக் கொடுத்தேன். வெள்ளை வண்டி, நடுவில் பச்சைப் பட்டை, கதவில் ஐம்பத்தெட்டு. அந்த எண் அச்சிட்ட ஸ்டிக்கரைத் தண்ணீரில் ஊறவைத்து, தாளிலிருந்து நழுவவிட்டு, கதவின் மேல் உட்கார வைக்கும்போது எங்கள் வீட்டில் மின்விசிறி ஓடக் கூடாது. எனக்கு வியர்வை கழுத்தில் வழியும்.

பார்த்துச் செய்வதற்குப் படம் வேண்டும் என்று கிளப்பில் கேட்டிருந்தார். அவர்கள் நாற்பத்தாறு படங்கள் அனுப்பினார்கள். முன்னால், பின்னால், மேலே, சக்கரத்துக்குப் பக்கத்தில் என்று எல்லாப் பக்கமும் பளிச்சென்று இருந்தன. இவருக்குத் தலைகால் புரியவில்லை. ஒவ்வொன்றையும் போனில் பெரிதாக்கி, லென்ஸ் வைத்துப் பார்த்து, அளவுகோலால் அளந்து நோட்டில் குறித்துக்கொண்டார். நான் எட்டிப் பார்த்தபோது படத்தின் ஓரத்தில் தேதி இருந்தது.

"ஏங்க, இது அந்த நாள்தானே" என்றேன்.

"ஆமா. காலைல, பந்தயம் ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடி எடுத்தது. மத்த நாள் படம் எல்லாம் ஒண்ணு ரெண்டுதான் இருக்கு, அதுவும் மங்கல். விசாரணைக்குன்னு இதைத்தான் மொத்தமா எடுத்து வெச்சிருக்காங்க."

"வேற நாள் படத்தப் பாத்து செய்யக் கூடாதா?"

"வண்டி அதே வண்டிதானே. தெரியாத பக்கத்த நான் எப்படிக் கற்பனையா செய்யறது?"

அங்கேயே நான் பிடிவாதமாக நின்றிருக்க வேண்டும். வாடிக்கையாளர் ஒருத்தி தைக்கக் கொடுத்த கோட்டை வாங்க வரப்போகிறாள், கை வேலை பாதியில் நிற்கிறது, முதுகு வலிக்கிறது. சரி, ஏதோ செய்யட்டும் என்று விட்டுவிட்டேன். அதை நினைத்தால் இன்னும் என்மேல் எனக்குக் கோபம் வருகிறது.

இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் எல்லாருமே செய்கிற காரியம்தான் இது. வண்டியைப் பார்ப்பார்கள், வண்டி நின்ற நாளைப் பார்க்க மாட்டார்கள். படத்தில் பம்பரில் ஒரு கீறல் இருந்தால் கீறல் போடுவார்கள். சக்கரத்தில் சேறு இருந்தால் சேறு பூசுவார்கள். அந்தப் படங்களில், பின்னால் வருகிற வண்டியைக் காட்டுகிற, ஓட்டுபவர் பக்கத்து வெளிக் கண்ணாடியின் கூடு உடைந்து, அதன்மேல் மஞ்சள் டேப் சுற்றியிருந்தது. இவர் அதையும் விடவில்லை. நிஜ டேப்பை வெட்டி ஒட்டினார், மொத்தமாகத் தெரிந்தது. பிய்த்துப்போட்டார். பெயின்ட் அடிக்கும்போது ஓரம் மறைக்கிற மெல்லிய தாள் டேப்பை வெட்டி ஒட்டினார், சாய்ந்துவிட்டது. மூன்றாவது தடவை சரியாக வந்தது. டேப் கூட்டைச் சுற்றி வந்து கண்ணாடியின் வெளி ஓரத்தை முக்கால் மில்லிமீட்டர் மறைத்தது. பின்பக்கத்திலிருந்து எடுத்த ஒரே படத்தில் அப்படித்தான் இருந்தது. எனக்கும் லென்ஸைக் கொடுத்துப் பார்க்கச் சொன்னார். நானும் பார்த்தேன். அச்சு அசலாக இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் எடுத்துக்கொண்டு போனோம். நாத்தனாரின் புது வீட்டில் இன்னும் பாதி சாமான் அட்டைப் பெட்டிகளில்தான் இருந்தது. பஸ்ஸில் ஏதாவது கழன்றுவிட்டால் ஒட்டுவதற்கு இவர் இடுக்கியும் கத்தியும் பசையும் பையில் போட்டுக்கொண்டிருந்தார். ஒன்றும் கழலவில்லை. மேசைமேல் வைத்து மூடியைத் தூக்கினார்.

அவள் குனிந்து, வண்டியின் உயரத்துக்குக் கண்ணைக் கொண்டுவந்து, முன்னால் பார்த்தாள், பக்கவாட்டில் பார்த்தாள். "இந்தப் பச்சை அவரே கலந்தது" என்றாள். "சீட்டு இப்படித்தான் தள்ளி இருக்கும், காலு நீளம் அவருக்கு." அவள் முகம் இளகிக்கொண்டே வந்தது. நான் நிம்மதியாக மூச்சு விட்டேன். பிறகு கதவை விரலால் தடவிக்கொண்டே ஓட்டுபவர் பக்கத்துக்கு வந்தாள். கை அப்படியே நின்றுவிட்டது.

"இந்த டேப்பு."

"கவனிச்சிட்டியா" என்றார் இவர், பெருமை தாங்காமல். "மூணு தடவ செஞ்சேன் அத."

"இது நான் ஒட்டினது, அண்ணா."

இவருக்குப் புரியவில்லை. எனக்குப் புரிந்துவிட்டது. நாற்காலியை இழுத்து அவளை உட்கார வைத்தேன்.

"காலைல வண்டிய எறக்கும்போது கூடு ஒடஞ்சிடுச்சு" என்றாள். குரலில் ஏற்ற இறக்கமே இல்லை. "அவரு டயர் மாத்திட்டிருந்தாரு. நீ ஒட்டிடு, கண்ணாடிய மட்டும் மறைச்சிடாதன்னு சொன்னாரு. ஒட்டினேன். மறைக்கலன்னு சொன்னேன். நாலாவது சுத்துல அந்தப் பக்கம்தான் அந்த வண்டி வந்துச்சு. நான் மறைச்சேனா இல்லையான்னு எனக்கு ஞாபகமே வரல. எட்டு வருஷமா தெனம் யோசிக்கிறேன், வரல. யார்கிட்டயும் சொன்னதில்ல." அவள் விரல் நுனி டேப்பின் மேல் இருந்தது. "மறைச்சிருக்கேன், இல்ல?"

முழு வண்டியைப் பார்க்க ஆசைப்பட்டவளுக்கு இவர் எதைக் கொண்டுவந்து காட்டியிருக்கிறார் என்று அப்போதுதான் இவருக்கு உறைத்தது. முகம் வெளிறிப்போயிற்று. சட்டைப்பையில் போன் இருந்தது, போனில் நாற்பத்தாறு படங்களும் இருந்தன. வாழ்நாளில் தன் வண்டி ஒன்றில் பிழை இருக்கிறது என்று இவர் ஒப்புக்கொண்டு நான் பார்த்ததில்லை. கடைக்காரர் ஒருமுறை ஒரு சக்கரத்தைக் குறை சொன்னதற்கு, புத்தகம் எடுத்துக்கொண்டு போய் அவரிடம் நிரூபித்துவிட்டு வந்தவர்.

"இல்ல" என்றார். "அது என் தப்பு."

"என்ன?"

"படத்துல டேப்பு கண்ணாடி மேல வரல. கூட்டோட நின்னுடுது. நான்தான் மேல ஏத்தி ஒட்டிட்டேன்."

"மூணு தடவ செஞ்சேன்னு சொன்னியே."

"மூணு தடவயும் சரியா வரல. கை நடுங்குதும்மா இப்பல்லாம். வயசாச்சு. போதும்னு விட்டுட்டேன்."

அவள் அண்ணன் முகத்தையே பார்த்தாள். படத்தைக் காட்டு என்று கேட்டுவிடப் போகிறாள் என்று நினைத்தேன். அவள் கேட்கவில்லை. என் பக்கம் திரும்பினாள்.

"ஆமாவா அண்ணி?"

"நானும் அப்பவே சொன்னேன், எங்க கேக்கறாரு" என்றேன்.

வெளியே யாரோ பைக்கை உதைத்துக் கிளப்பப் பார்த்தார்கள். மூன்று முறை உதைத்த பிறகு அது கிளம்பிப் போயிற்று.

"அப்ப சரியா ஒட்டிக் குடு" என்றாள்.

இவர் பையிலிருந்து இடுக்கியை எடுத்தார். கண்ணாடியை மறைத்திருந்த நுனியை மெல்லத் தூக்கினார். அடியில் கண்ணாடியாக ஒட்டியிருந்த வெள்ளித்தாள் பிய்ந்து வராமல் இழை இழையாக உரித்து, முக்கால் மில்லிமீட்டரை வெட்டியெடுத்து, மிச்சத்தைக் கூட்டின் ஓரத்தோடு வளைத்து ஒட்டி, நகத்தால் ஒருமுறை நீவினார். ஒரே தடவையில் முடிந்துவிட்டது. கை துளிகூட நடுங்கவில்லை. அவள் கண்ணாடியைப் பார்க்கவில்லை, கடைசிவரை அந்தக் கையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.