அந்தச் சட்டைக்கு மட்டும் கூடுதல் நீலம்

போன மாதம், செங்குத்துப் பாறையிலிருந்து ஆட்களை மீட்ட ஒரு ஹெலிகாப்டர் குழுவுக்கு விருது கொடுப்பதை டிவியில் காட்டினார்கள். வீட்டில் எல்லோரும் பதக்கத்தைப் பார்த்தார்கள். நான் சட்டைகளைப் பார்த்தேன். எல்லாம் நல்ல வெள்ளை. அப்படிப்பட்ட ஒரு சட்டையை ஒன்பது வயதில் நான் கெடுத்திருக்கிறேன்.

மட்டாஞ்சேரியில் எங்களுக்குச் சலவைதான் தொழில். வெலிங்டன் தீவிலிருந்து கடற்படைக்காரர்களின் உடுப்புகள் அப்பாவிடம் வரும். அந்த மழைக்காலத்தில், மலையில் பாறை விளிம்பில் மாட்டிக்கொண்ட இரண்டு பேரை ஹெலிகாப்டரில் போய் மீட்ட நால்வரின் சட்டைகளும் வந்தன. மறுநாள் மாலை அவர்களுக்குப் பாராட்டு விழா. இதில் ஒரு கறை பட்டாலும் இனி அங்கிருந்து துணி வராது என்று அம்மா சொல்லியிருந்தாள்.

வீட்டில் மலையாளம் படிக்கத் தெரிந்தவள் நான் மட்டும்தான். அதனால் பத்திரிகைச் செய்தியை எல்லோருக்கும் நான்தான் படித்துக் காட்டினேன். ஹெலிகாப்டரின் விசிறி பாறையில் இடிக்கப் பார்த்ததாம். அப்போதும் ஒருவர் கயிற்றில் இறங்கி இரண்டு பேரையும் மேலே ஏற்றிவிட்டாராம். நான் படிக்கப் படிக்க அந்தக் கயிறு நீண்டுகொண்டே போனது.

"ஏ புள்ள, காலைல தென்னமர உசரம் இருந்த கயிறு, இப்ப எர்ணாகுளம் வரைக்கும் போயிருச்சே," என்றார் சித்தப்பா.

எந்தச் சலவைக் குறி யாருடைய துணி என்பது எங்கள் வீட்டில் எல்லோருக்கும் மனப்பாடம். கயிற்றில் இறங்கியவரின் சட்டை மற்ற மூன்றையும்விடப் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வெள்ளைத் துணி பளிச்சிட நீலம் கலக்கும் வேலையை மட்டும் பிள்ளைகளிடம் விடமாட்டார்கள். அம்மா கஞ்சி வடிக்கப் போன நேரத்தில், அந்தச் சட்டைக்கு மட்டும் இன்னொரு கரண்டி நீலம் போட்டு முக்கினேன். எடுத்தபோது ஆகாய நிறத்தில் இருந்தது.

அம்மா முதலில் என் முதுகில் ஒன்று வைத்தாள். பிறகு ஊறுகாய்க்கு வைத்திருந்த வினிகரை முழுவதும் தண்ணீரில் ஊற்றி அலசினாள். வெயில் இல்லாததால் அப்பா இஸ்திரிப் பெட்டியாலேயே காயவைத்தார். காலர் ஓரத்தில் மட்டும் மெல்லிய நீலம் மிஞ்சியது.

மறுநாள் மதியம் அப்பா என்னையும் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு பாலத்தைக் கடந்து, கயிற்றில் இறங்கியவரின் வீட்டுக்குப் போனார். எதையும் மறைக்காமல் காலரைத் திருப்பிக் காட்டினார்.

"தப்பு எங்களோடதுதான் சாரே. மோள் உங்க மேல உள்ள பிரியத்துல செஞ்சுட்டா. வேற சட்டை இருந்தா குடுங்க, இப்பவே தேச்சுத் தர்றேன்."

பத்திரிகைப் படத்தில் தெரிந்ததைவிட அவர் குள்ளம். என்னைப் பார்த்துச் சிரித்தார்.

"சாரமில்ல மோளே, பரவால்ல. கடல்ல கெடக்கிறவன்தானே, கொஞ்சம் நீலம் இருக்கட்டும்."

சனிக்கிழமை வந்து அடுத்த துணிகளை எடுத்துக்கொள்ளவும் சொன்னார். அதற்குப் பிறகுதான் அப்பா மூச்சு விட்டார்.

அவர் அங்கேயே சட்டையை மாட்டிப் பொத்தான் போட ஆரம்பித்தார். அப்போது கூரைக்கு மேலே ஒரு ஹெலிகாப்டர் தாழப் பறந்து போனது. நான் ஜன்னலுக்கு ஓடினேன். திரும்பியபோது அவர் விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. மூன்றாவது பொத்தான் துளைக்குள் போகவே இல்லை. அப்பா அருகே போய், மடிப்பைச் சரிசெய்கிறவர் போல, மிச்சப் பொத்தான்களைப் போட்டுவிட்டார்.

திரும்பும்போது பாலத்தின் மேல் அப்பாவிடம், சட்டை ஈரமாகவே இருந்ததா என்று கேட்டேன்.

"நல்லாக் காஞ்சுதான் இருந்துச்சு."

பிறகு ஏன் அவருக்கு விரல் நடுங்குகிற அளவுக்குக் குளிர்ந்தது என்று மட்டாஞ்சேரி வரும்வரை யோசித்தேன். கடைசியில் எல்லாம் அந்த வினிகரால் வந்தது என்று நானே தீர்மானித்து, அம்மாவிடமும் அப்படியே சொன்னேன்.