இருமல் மருந்துப் போத்தலில் இருந்த பெற்றோல்

நான் சிறுமியாக இருந்த காலத்தில் எங்கள் கொக்குவில் ஒழுங்கையால் ஒரு மோட்டார் சைக்கிள் போனால் பின்னாலேயே வடை சுட்ட மணம் வரும். அரசாங்கம் போட்ட போர்க்காலப் பொருளாதாரத் தடையால் பெற்றோலும் இல்லை, எஞ்சின் ஒயிலும் இல்லை. மண்ணெண்ணெயில் தேங்காயெண்ணெயைக் கலந்து ஓடினார்கள். இன்றைக்குச் சிலர் அதை இனிப்பாக எழுதுகிறார்கள். எனக்கு அந்த மணத்தில் இனிப்பு ஒன்றும் இல்லை.

குளிர்ந்த எஞ்சினில் மண்ணெண்ணெய் பற்றாது. முதலில் ஒரு மூடி பெற்றோலைக் காபரேற்றரில் விட்டு உதைத்துக் கிளப்ப வேண்டும், சூடேறிய பிறகுதான் அது மண்ணெண்ணெயைக் குடிக்கும். அதனால் ஐயா, அப்பாவை அப்படித்தான் கூப்பிடுவோம், தன் மோட்டார் சைக்கிளுக்கென்று கொஞ்சப் பெற்றோலை மண்ணிறமான இருமல் மருந்துப் போத்தல் ஒன்றில் இறுக மூடி, சாமிப் படத்துக்குப் பின்னால் வைத்திருந்தார். அம்மாவுக்குத் “தொய்வு” இருந்தது. மூச்சு இழுக்கத் தொடங்கினால் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டு ஓட வேண்டும். அதற்கு மட்டுந்தான் அந்தப் போத்தல், வேறெதற்கும் ஒருவரும் தொடக்கூடாது என்பது வீட்டுச் சட்டம். ஐயாவே வேலைக்குச் சைக்கிளில்தான் போனார்.

அண்ணைக்கு அப்போது உயர்தரப் படிப்பு, ஆனால் வாயைத் திறந்தால் ஜெட் விமானம். எங்கேயோ எடுத்த பழைய ஆங்கிலப் புத்தகத்தில், ஆரம்ப காலத்து ஜெட் எஞ்சின் ஒன்றின் படத்தை விரித்துவைத்துக்கொண்டு பெருமையடிப்பான். அதன் மூக்குக்குள் ஒரு குட்டி மோட்டார் இருக்குமாம், அதைக் கயிறு இழுத்தும் கிளப்பலாமாம், தோட்டத்தில் தண்ணீர் இறைக்கிற “மிசின்” மாதிரி. குட்டி மோட்டார் பெரிய எஞ்சினைச் சுழற்ற, பெற்றோலைத் தெளித்துப் பற்றவைத்து, வேகம் பிடித்ததும் மலிவான எண்ணெய்க்கு மாற்றிவிடுவார்களாம். சுழலும் பாகங்கள் கருகாமல் இருக்க ஒயிலுக்குத் தனித் தாங்கி. ஒருநாள் குண்டுவீச்சு விமானம் இரைந்துகொண்டு வர, நாங்கள் பதுங்குகுழிக்குள் ஒடுங்கியிருந்தபோதும் அவன் அடங்கவில்லை.

“மேலை போறதும் மண்ணெண்ணெய்தான் குடிக்குது, ஐயா.”

“அப்ப அவங்களும் எங்களை மாதிரி மண்ணெண்ணெய்க்குச் சங்கக்கடை வரிசையிலை நிக்கிறாங்களோ?” என்றார் ஐயா. அம்மா சிரித்து, அந்தச் சிரிப்பிலேயே மூச்சு முட்டி இருமினார்.

ஒரு காலையில் “ரியூசன்” வகுப்பு என்று சொல்லிவிட்டுப் போன அண்ணை திரும்பவில்லை. சிநேகிதனின் மோட்டார் சைக்கிளில் கிளாலிக்குப் போய், கடல்நீரேரியைத் தாண்டிக் கொழும்புக்குப் போய்ச் சேர்ந்துவிட்டான் என்று பிறகுதான் அறிந்தோம். உயிரோடிருக்கிறானே என்று ஐயா ஆறுதல்பட்டார். நானும்தான்.

மாரி மழை தொடங்கிய ஒரு பின்னேரம் அம்மாவுக்கு இழுத்தது. ஐயா போத்தலைத் திறந்து, விட்டு, உதைத்தார். மறுபடி விட்டு உதைத்தார். எஞ்சின் முனகக்கூட இல்லை. கையில் வழிந்ததை அவர் மணந்துபார்த்தார். பிறகு கையை என் மூக்கருகே நீட்டினார். மண்ணெண்ணெய். அண்ணை சிநேகிதனின் மோட்டார் சைக்கிளுக்குப் பெற்றோலை ஊற்றியெடுத்துவிட்டு, அளவு குறையாமல் மண்ணெண்ணெயை நிரப்பி மூடிவைத்துவிட்டுப் போயிருக்கிறான். குளிர்ந்த எஞ்சின் எதில் கிளம்பாது என்று எங்கள் வீட்டில் அவனைவிட நன்றாகத் தெரிந்தவர் கிடையாது.

அம்மாவைக் கரியரில் இருத்தி ஐயா சைக்கிளை உழக்க, நான் அம்மாவைப் பிடித்துக்கொண்டு மழைக்குள் ஓடினேன். அம்மாவின் உதடு நீலமாவதை நான் பார்த்தேன். பிழைத்தார். ஒட்சிசன் குழாயை எடுத்ததும் அம்மா முதலில் சொன்னது இதுதான்: “அவனுக்கு இதைச் சொல்லிப்போடாதேயுங்கோ. தனியப் போன பிள்ளை.” எங்களிடம் சத்தியமும் வாங்கினார். ஐயா சாகும்வரை சொல்லவில்லை.

இந்த வருடம் அண்ணை கனடாவிலிருந்து வந்தான். அங்கே ஜெட் எஞ்சின்களைத் திருத்துகிற வேலை. சொந்தக்காரர் நிறைந்த சாப்பாட்டு மேசையில் அவனே அந்தக் கதையைத் தொடங்கினான்.

“ஐயாவை எப்பிடி ஏய்ச்சனான் தெரியுமோ? சாமியின்ரை முதுகுக்குப் பின்னாலை களவு.”

எல்லோரும் சிரித்தார்கள். அம்மா, மடியில் இன்ஹேலரோடு, எல்லோரையும்விடக் கூடச் சிரித்தார். நான் வாயைத் திறந்தேன். மேசைக்குக் கீழே அம்மா என் கையைப் பிடித்து அமத்தினார். இத்தனை வருடமும் அவரைக் கிளினிக்குக்குக் கூட்டிக்கொண்டு போகிற கையை.

பலாலி விமான நிலையத்தில் அவனை வழியனுப்பிவிட்டு வெளியே நின்றபோது காற்றில் மண்ணெண்ணெய் மணந்தது. ஐயாவின் மோட்டார் சைக்கிள் எப்போதோ பழைய இரும்புக்குப் போய்விட்டது. போத்தலையும் காணவில்லை. தடை இல்லை, வடை மணம் இல்லை, இப்போது சந்திக்குச் சந்தி பெற்றோல் கிடைக்கிறது. அவன் களவெடுத்ததை நான் பொறுத்திருப்பேன். உயிருக்குப் பயந்த பொடியன். அதை ஒரு பகிடியாக்க அம்மா இடம் கொடுத்ததைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டார்: “பிள்ளைக்கு ஒண்டும் சொல்லேல்லைத்தானே?”

“இல்லையம்மா” என்றேன். அது அன்றைக்கு. இன்றைக்கு இதைப் பத்திரிகைக்கு எழுதிவிட்டேன். அண்ணை ஊர்ப் பத்திரிகையை இணையத்தில் ஒருநாளும் தவறவிடாமல் வாசிக்கிறவன்.